சண்டை நாட்டு நோட்டும் மேனாம்பேட்டுச் சீட்டும்

கிட்ட வந்து உட்காருங்க. ரோட்டில் லாரி போகிற சத்தத்தில் பாதி காதில் விழாது, அப்புறம் நான் ஏதோ விட்டுச் சொன்னேன் என்பீர்கள். கூரியர் கவுன்ட்டர் தொழில் எப்படி என்றால், ஊரில் எல்லார் வீட்டு விலாசமும் நமக்குத் தெரியும், கையில் இருக்கிற பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஆனால் உள்ளே இருப்பது சரியில்லை என்றால் திட்டு வாங்குவது நாம்தான். ரேஷன் கடையோ, மின்சார ஆபீஸோ, டிக்கெட் ஜன்னலோ, எங்கேயாவது ஒரு ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

என் பேர் அஞ்சலை. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தேன். மேனாம்பேட்டில் நடேசன் மொதலாளியின் கூரியர் கடையில் பொட்டலம் வாங்குவதும் கொடுப்பதும் என் வேலை. புடவை, மாத்திரை, பூச்செடி, ஒரு தடவை உயிரோடு மீன் கூட வந்திருக்கிறது. ஆனால் வாயைப் பிளந்து பார்த்தது என்றால், அந்தச் சண்டை நாட்டுப் பணம் வந்த காலத்தைத்தான்.

தாடிக்காரர் வந்து இறங்கினார்

முதல் பொட்டலம் வந்தது ரிட்டயர்டு கண்டக்டர் சுந்தரம் அண்ணனுக்கு. மெலிசான பழுப்புக் கவர். பணம் கொடுத்தால்தான் கையில் கொடுக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு சி.ஓ.டி. என்று பேர். அவர் பணத்தைக் கட்டிவிட்டு, கவுன்ட்டர் மேலேயே வைத்துப் பிரித்தார். உள்ளே நோட்டு. நம்ம நோட்டு இல்லை. ஒரு பக்கம் தாடி வைத்த பெரியவர், இன்னொரு பக்கம் அணைக்கட்டு, சுற்றிலும் ஈச்ச மரம். எழுத்து வலப்பக்கமிருந்து கொடி படர்கிற மாதிரி ஓடியது. டிவியில் தினமும் இடிந்த கட்டடம் காட்டுகிறார்களே, அந்த நாட்டுப் பணம். பேர் வேண்டாம், பாவம், அவர்களுக்கு இருக்கிற தொல்லை போதும்.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தோம். ஒரு நோட்டின் ஓரத்தில் யாரோ நீலப் பேனாவால் சின்னதாய்க் கூட்டல் கணக்குப் போட்டிருந்தார்கள். எந்தக் கடைக்காரனோ, எந்த ஊர்ச் சந்தையிலோ. அந்தக் கடை இப்போது நிற்கிறதோ இல்லையோ. அண்ணன் அந்த நோட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருசம் சில்லறை எண்ணிய விரல்.

"கள்ள நோட்டு இல்ல தாயீ, நல்ல நோட்டுதான். ஆனா ஊட்ட உட்டு ஓடியாந்தவன் மாதிரி கீது."

விக்ரம் சார்

இந்தப் பணத்தை விற்கிறவன் பேர் விக்ரம் சார். முகத்தை ஒருத்தரும் பார்த்தது இல்லை. போனில் ஒரு விளம்பரம் வருமாம். 'சண்டை முடிந்ததும் இந்தப் பணம் அஞ்சு மடங்கு ஏறும், அன்றைக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்று. அதைத் தொட்டால் பத்தாவது நிமிசம் விக்ரம் சார் கூப்பிடுவான். பொட்டலம் எங்கே என்று கேட்கிற சாக்கில் எங்கள் கவுன்ட்டரிலேயே ஆட்கள் அவனோடு ஸ்பீக்கரில் பேசுவார்கள். நானும் கேட்டிருக்கிறேன். என்ன குரல் தெரியுமா? பிரசாதம் கொடுக்கிற குருக்கள் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையையும் இலையில் வைத்துக் கொடுப்பான்.

கண்டக்டர் அண்ணன் ஒருநாள் அவனை மடக்கப் பார்த்தார். "இன்னா சார், அஞ்சு மடங்கு ஏறும்னா நீயே வெச்சிக்கலாமே, எனக்கு எதுக்கு விக்கிற?" என்று நேராகவே கேட்டுவிட்டார். நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் சொன்னான் பாருங்கள்:

"ஐயா, கிணத்துல தண்ணி நெறைய இருக்குன்னு நானே குடிச்சிட்டு இருக்க முடியுமா? நாலு பேர் குடம் எடுத்துட்டு வரட்டும்னுதான்."

அண்ணன் இன்னும் ஒரு பொட்டலத்துக்குச் சொல்லி வைத்தார்.

பணம் முதல், பிரிப்பது பிறகு

கவுன்ட்டர்காரர்களே, இந்த ஒரு சட்டத்தால் நான் வாங்கிய ஏச்சுக்கு அளவே இல்லை. சி.ஓ.டி. பொட்டலம் என்றால் முதலில் பணம், அப்புறம்தான் கத்திரிக்கோல். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் கிடையாது. ஒருத்தர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒருத்தர் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஒரு டீச்சரம்மா மோந்தே பார்த்தார்கள்.

சண்டைப் பணம் வந்தபோது இந்தக் கூத்து இரண்டு மடங்காயிற்று. பட்டரவாக்கத்துப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிற ஒருத்தர், கவரைத் தராசில் வைத்து நிறுத்துத் தரச் சொன்னார். நிறுத்தேன். இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் என்னிடம் ரகசியமாய்ச் சொன்னது:

"துட்ட எடைக்கு வாங்கறவன் நானாத்தான் இருப்பேன் அஞ்சலக்கா, வெளிய சொல்லிடாத."

மஞ்சள்

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாட்டில் சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். காலையிலேயே கடை வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் போன், எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. நோட்டைத் திருப்பி விற்பது எப்படி, எந்தப் பொட்டலத்தில் அனுப்புவது என்று என்னைக் கேட்கிறார்கள். கண்டக்டர் அண்ணன்தான் முதலில் கூப்பிட்டார். விக்ரம் சாருக்கும் ஒரே சந்தோசம். "வாழ்த்துக்கள் ஐயா, நோட்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றான். அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கிவிட்டது. "ஐயா, மூலையில மஞ்சளா என்ன அது?"

மஞ்சள்தான். வேறென்ன? புதுப் பணம் வீட்டுக்குள் வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் செலவு செய்கிற வீடு இந்தப் பக்கத்தில் உண்டா? சம்பளக் கவருக்கும் வைப்போம், புது வண்டிச் சாவிக்கும் வைப்போம். அன்றைக்கு வாசலில் நின்ற அத்தனை பேர் வீட்டு நோட்டிலும் மஞ்சள் இருந்தது. கவரோடு வந்த பில்லுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம்: கறை பட்ட நோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று. அத்தனை பேருக்கும் ஒரே பதில். எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. நாம் சாமிக்கு முன்னால் செய்வதைக்கூடக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறானே, இவன் எவ்வளவு காலம் நம் வீட்டுக்குள் உட்கார்ந்து நம்மைப் பார்த்திருப்பான்? போலீஸுக்குப் போவேன் என்று மாவு மில்காரர் கத்தினார். அதற்கும் இலையில் வைத்தே பரிமாறினான்:

"தாராளமா போங்க ஐயா, வெளிநாட்டு நோட்டு இப்ப யார் வீட்டு பீரோவுல இருக்குன்னுதான் அவங்க முதல்ல கேப்பாங்க."

கூட்டம் கலைந்தது. தெரு நாய் கூட மிஞ்சவில்லை.

அரிசி டப்பா

அன்றைக்கு மத்தியானம் கஸ்தூரி வந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அதைவிடப் பெரிய வேலை, எங்கள் தெருவில் குலுக்கல் சீட்டு நடத்துகிறாள். இருபது பெண்கள், ஆளுக்கு மாசம் இரண்டாயிரம். சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள், பேர் வந்தவளுக்கு மொத்தம் நாற்பதாயிரமும் அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை கையில். ஏழு வருசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறியது இல்லை. அவள் சொல்லை வைத்துக்கொண்டு தெருவில் கல்யாணமே நிச்சயம் பண்ணுவார்கள்.

பின்னாலேயே அவள் புருசன் ஏழுமலை. லேத்து வேலை. தலை தரையைப் பார்த்தபடி இருந்தது. கஸ்தூரி கவுன்ட்டர் மேல் ஒரு கவரை வைத்தாள். எனக்குத் தெரிந்த கவர், உள்ளே நோட்டு மூலையில் அதே மஞ்சள். சனிக்கிழமை ஏழுமலை நாற்பதாயிரம் கட்டி என்னிடம் வாங்கிப் போனது. அந்த நாற்பதாயிரம் அரிசி டப்பாவுக்குள் இருந்த சீட்டுப் பணம். இந்த மாசம் பேர் வந்தது லோகாவுக்கு. பால் ஊற்றுகிற லோகா. மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறாள், சமையல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் கையில் பணம் விழாவிட்டால் கஸ்தூரியின் பேர் அன்றோடு சரி.

"இன்னாய்யா நெனச்சிகினு எடுத்த?" என்று நான் கேட்டேன். ஏழுமலை கவரைப் பார்த்துச் சொன்னான்:

"வெள்ளிக்கெழமைக்குள்ள அஞ்சு மடங்காயிடும்னான் அக்கா, லோகாவுதைக் குடுத்துட்டு மீதிய இவ கையில வெச்சி இவ மூஞ்சியப் பாக்கலாம்னுதான்."

சொம்பு இல்லாத கூட்டம்

கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு மூச்சு விடாமல் இருந்திருக்கலாம். நான்கூட என் கம்மலைக் கழற்றித் தருகிறேன் என்றேன். கஸ்தூரி கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் இருபது பேரையும் எங்கள் கடை ஷட்டர் ஓரம் கூட்டினாள். நடுவில் நின்று, புருசன் எடுத்ததையும் போன இடத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழவில்லை. லோகாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தெருச் சண்டையில் பிறந்து வளர்ந்தவள் நான், இப்போது தலைமுடி பறக்கும் என்றே நினைத்தேன். ஒருத்தி பல்லைக் கடித்தாள். ஒருத்தி, "உன் ஊட்டுக்காரனை லேத்துல குடுத்துக் கடைஞ்சி எடுடி" என்றாள். லோகா ரொம்ப நேரம் பால் கேனின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"சொல்லிட்ட இல்ல, அப்ப ஏதோ வழி வெச்சிகினுதான் சொல்ற. இன்னா பண்ணணும், அத்த சொல்லு."

இருபது பேர், ஒரு போன்

கஸ்தூரி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். விக்ரம் சார் எடுத்தான். இனி அவள் பேசியதைக் கேளுங்கள். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

"அண்ணா, நான் சீட்டு புடிக்கிறவ. ஊட்டுக்காரர் உங்ககிட்ட நாப்பதாயிரத்துக்கு நோட்டு வாங்கிகினாரு. இத்தப் பாத்துட்டு எங்க சீட்டு பொம்பளைங்க இருபது பேரும் ஆளுக்கு நாப்பதாயிரத்துக்கு கேக்கறாங்க."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஆனா ஒரே ஒரு பேஜாரு அண்ணா. மஞ்சள் வெச்சா திரும்ப எடுக்க மாட்டேன்னு தெருவுல பேச்சாயிப்போச்சு. மஞ்சள் வெக்காத துட்டு எங்க யார் ஊட்டுக்குள்ளயும் வராது. சாமி குத்தமாயிடும். அதான் பின்வாங்குறாளுங்க."

"அது... கம்பெனி ரூல் மேடம்."

"எனக்கு லாபமே வேணாம் அண்ணா. மஞ்சள் வெச்ச எங்க நோட்டை, வாங்குன வெலைக்கே ஒருக்கா திருப்பி எடுத்துக் காட்டுங்க. இவளுங்க கண்ணால பாக்கட்டும். மறு நிமிசமே இருபது பேருக்கும் சொல்லிடறேன்."

நாற்பதாயிரம் போட்டால் எட்டு லட்சம். அவன் மனசு கணக்குப் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது போல இருந்தது. இருந்தாலும் சுலபமாய் விழவில்லை. பின்னால் உண்மையிலேயே பெண்கள் இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி, "யாரெல்லாம் இருக்கீங்க, பேசுங்க பார்க்கலாம்" என்றான். லோகா போனுக்குக் கிட்டே வாயை வைத்து, பால் கணக்குக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "அண்ணே, அந்த நோட்டுல கீற தாடிக்காரரு யாரு?"

"அவர் அந்த நாட்டுக்குத் தலைவரா இருந்தவர்மா."

"அவரு நெத்தியில நாங்க பொட்டு வெச்சா கோச்சிக்குவாரா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்த ஆள் விழுந்த ஆள். நோட்டை அனுப்புங்க, வந்ததும் போனில் பணம் போடுகிறேன் என்றான். கஸ்தூரி அதற்கும் தலையாட்டவில்லை. "நீங்க எங்களுக்கு அனுப்புனாப்பலயே நாங்களும் அனுப்பறோம் அண்ணா. துட்டக் குடுத்துட்டு வாங்கிக்கங்க. இவளுங்களுக்கும் அதான் பழக்கம்." பில்லில் இருக்கிற வடக்கத்தி விலாசத்துக்கு அனுப்பச் சொன்னான். "அங்க போயி சேர ஒரு வாரமாவும். அதுக்குள்ள இவளுங்க துட்ட நகைச் சீட்டுல போட்டுருவாளுங்க. கிட்டக்க உங்க ஆளு யாரும் இல்லயா?"

அவன் 'லோக்கல் ஏஜென்ட்' என்று ஒரு விலாசம் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். கஸ்தூரி போனைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாள்:

"சண்டை நாடு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கீதுக்கா."

பொட்டலம் கட்டிய கதை

வெள்ளிக்கிழமை காலை பொட்டலம் கட்டினோம். நடேசன் மொதலாளிக்கு எதற்கும் பயம்; கரண்ட் பில் வந்தாலே இரண்டு தடவை தண்ணீர் குடிப்பார். ஆனால் அன்றைக்கு அவருக்கே ஒரு யோசனை வந்துவிட்டது. "பேப்பரைக் கத்தரிச்சி உள்ள வெச்சி அனுப்பும்மா. பணம் முதல், பிரிப்பது அப்பால. அவன் நமக்குப் பண்ணத நம்மளும் பண்ணலாம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கத்திரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன்.

கஸ்தூரி நோட்டை எல்லாம் கவுன்ட்டரில் பரப்பி, ஒன்றுகூடக் குறையவில்லை என்று எங்கள் எல்லாரையும் பார்க்க வைத்தாள். மஞ்சள் மூலைகளை ஒரே பக்கமாய் அடுக்கினாள். ஏழுமலையைப் போனில் படம் பிடிக்கச் சொன்னாள். பிறகு கவருக்குள் வைத்து, ஒட்டி, பெறுகிறவர் கையெழுத்துக் கட்டாயம் என்று எழுதச் சொன்னாள். மொதலாளி விடவில்லை. "அவனுக்குப் போயி நேர்மையா நடந்துக்கிறியே, நீ இன்னா மகாத்மாவா?" என்றார். அவள் பசையைத் தேய்த்துக்கொண்டே சொன்னது:

"நேர்மையும் இல்ல ஒண்ணும் இல்ல மொதலாளி, இந்த நோட்டு எங்க ஊட்ட உட்டு அவன் ஊட்டுக்குப் போனாத்தான் நான் போலீஸ் படி ஏற முடியும்."

நான் கத்திரிக்கோலை டிராயரில் வைத்து மூடினேன். ஒரு பொட்டலத்துக்குள் இவ்வளவு வைக்கலாம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

செல்வம் பார்த்த அறை

பூந்தமல்லிக்கு எங்கள் டெலிவரி ஆள் செல்வம் போனான். நாற்பது வயசு ஆள், வாய் ஜாஸ்தி, ஆனால் கை சுத்தம். உள்ளூர்ப் பொட்டலத்துக்கு எங்கள் கடையே பொறுப்பு, வசூலான பணம் அன்றைக்கே அனுப்பியவருக்கு. அவன் வண்டி கிளம்பியதிலிருந்து கஸ்தூரி உட்காரவில்லை. கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு ஷட்டர் ஓரமே நின்றாள். லோகாவும் பால் கேனோடு வந்து பக்கத்தில் நின்றாள். கதவைத் திறக்கவில்லை என்றால்? திறந்துவிட்டு வேண்டாம் என்றால்? எங்கள் தொழிலில் பாதிப் பொட்டலம் அப்படித்தான் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தால் லோகாவுக்கு வளைகாப்பும் இல்லை, கஸ்தூரிக்குத் தெருவும் இல்லை.

செல்வம் திரும்பி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாடியே பையைத் திறந்து பணத்தைக் கவுன்ட்டரில் வைத்தான். கஸ்தூரி அதைத் தொடவே இல்லை. அப்படியே லோகா பக்கம் தள்ளினாள். லோகா எண்ணாமல் கேனுக்குள் போட்டு மூடிக்கொண்டாள். எண்ணாமல் வாங்கினாள் பாருங்கள், அங்கேதான் கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வத்துக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். மாடியில் ஒரே அறையாம். கதவைத் திறந்தவன் பனியன் போட்டிருந்தானாம். உள்ளே மூன்று பேர் தரையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம், மூன்று பேருக்கும் அதே குருக்கள் குரலாம். மூட்டை மூட்டையாய் அந்த நாட்டு நோட்டாம், நெல் மூட்டை மாதிரி சுவரோரம். ஒரு நாட்டு ஜனமே சந்தைக்குப் போக, பிள்ளைக்குப் பால் வாங்க, பஸ் ஏற வைத்திருந்த பணம் மூட்டையில் கிடக்கிறது. செல்வம் இன்னும் ஒன்று சொல்லத் தயங்கினான். நாங்கள் நம்ப மாட்டோம் என்று பயம்.

"மூலையில ஒருத்தன் ஈரத்துணியப் போட்டு நோட்டுக்கு இஸ்திரி போட்டுகினு கீறான் அக்கா, கல்யாணத்துக்குப் போற சட்டைக்குப் போடறாப்பல."

ஸ்டேஷன் வாசல்

அன்றைக்குச் சாயங்காலமே கஸ்தூரி ஆவடிப் பக்கம் சைபர் போலீஸைப் பார்க்கக் கிளம்பினாள். கூடவே சீட்டுப் பெண்கள், கண்டக்டர் அண்ணன், மாவு மில்காரர், செல்வம், பயந்து பயந்து எங்கள் மொதலாளி. ஏழுமலை எல்லாருக்கும் பின்னால். ஷேர் ஆட்டோ மூன்று பிடித்தோம். உள்ளே நாலைந்து பேரைத்தான் விட்டார்கள். கஸ்தூரி, பூந்தமல்லி அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீதையும், நோட்டைப் பரப்பி எடுத்த படத்தையும், செல்வத்தையும் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். கண்டக்டர் அண்ணன் தன் நோட்டையும் எடுத்து வைத்துவிட்டார். எங்களை யாரும் உள்ளே போடவில்லை. அங்கிருந்த அதிகாரி கொஞ்சம் வயசானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டி எடுக்கச் சொன்னார். பிறகு, "நாம போறதுக்குள்ள அவனுங்க மூட்டையக் கட்டிட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

இதற்குள் விக்ரம் சார் எட்டு தடவை கூப்பிட்டிருந்தான், இருபது பேர் என்ன ஆச்சு என்று. கஸ்தூரி அதிகாரியிடம் ஒரு நிமிசம் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேப்ப மரத்தடியில் நின்று, மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமி, போனைப் போட்டாள். நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். ஜீப்பில் இருந்த போலீஸ்காரர்கூட எஞ்சினை அணைத்துவிட்டார். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"அண்ணா, இருபது பொட்டலமும் கட்டி ரெடியா வெச்சிருங்க, கூரியர் வேணாம், நாங்களே நேர்ல வந்து வாங்கிக்கறோம், கூட நம்ம ஆளுங்களும் வராங்க, எங்கயும் போயிடாதீங்க."

அத்தனை பேருக்கும் அத்தனை சொல் கொடுத்துத் தவறவிட்ட அந்த விக்ரம் சார், அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றி, இருபது பொட்டலத்தையும் வரிசையாய் அடுக்கி வைத்துக்கொண்டு, போலீஸ் போய்க் கதவைத் தட்டும்போது அந்த அறையிலேயே இருந்தானாம்.